லிட்டருக்கு மேல் வி-ட்வின் நேக்கட்: ஓட்டிய அனுபவமும் நான்கு கவலைகளும்

இரட்டை_இடி

வணக்கம். வண்டியின் கம்பெனிப் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. பெயரைப் போட்டால் பத்தாவது பதிவிலேயே பேச்சு வண்டியை விட்டுவிட்டுக் கொடி பிடிப்பதில் போய் நிற்கும். தேவையான விவரம் இது: நேக்கட், அதாவது காற்றைத் தடுக்கும் பிளாஸ்டிக் உறை (ஃபேரிங்) இல்லாத பைக். லிட்டருக்கு மேல் (1000 சிசிக்கு மேல்) வி-ட்வின், அதாவது வி வடிவில் இரண்டு சிலிண்டர் உள்ள இன்ஜின், 150 குதிரைத்திறனுக்கு மேல், ஹைட்ராலிக் கிளட்ச், ரைடு பை ஒயர் (கேபிளுக்குப் பதில் மின்சார சிக்னலில் இயங்கும்) ஆக்சிலரேட்டர். இரண்டாம் கையாக வாங்கினேன். வாங்கும்போது 21,000 கி.மீ., இப்போது 24,800.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இதற்கு முன் எட்டு வருடம் 650 சிசி வண்டி வைத்திருந்தேன். அதில் ஒரு லாரியை முந்த வேண்டுமென்றால் இரண்டு கியர் இறக்கி, எதிரே பார்த்து, மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிட்டுத்தான் வெளியே எட்டிப் பார்ப்பேன். இதில் நான்காவது கியரில் இன்ஜின் நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றில் இருக்கும்போது கையை லேசாகத் திருப்பினால் போதும், லாரி கண்ணாடிக்குள் போயிருக்கும். வேகத்தைவிட அந்த அலட்சியம்தான் என்னை மயக்கியது. மூன்றாவது கியரில் மேட்டின் உச்சியைத் தாண்டும்போது முன்சக்கரம் மெல்லத் தரையை விட்டு எழும். முதல் தடவை நானே எழுந்துவிட்டேன்.

வளைவில் வண்டி தன் எடையைக் காட்டுவதே இல்லை. அகலமான ஹேண்டில்பாரை ஒரு பக்கம் லேசாக அழுத்தினாலே சாய்கிறது. ஆனால் 120க்கு மேல் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். ஒரு மணி நேரம் அப்படிப் போய் இறங்கினால் கழுத்து என்னுடையது மாதிரியே இருக்காது.

இனி கவலைகள்.

மூவாயிரம் சுற்றுக்குக் கீழே வண்டி வெட்டி வெட்டி இழுக்கிறது. நெரிசலில் இரண்டாவது கியரில் போவது ஆட்டு உரலில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

நெரிசலில் வெப்பநிலை 108 வரை ஏறுகிறது. வலது தொடை வேகிறது.

சில நாட்களாகக் கிளட்ச் லீவர் கிட்டத்தட்ட ஹேண்டில்பாரைத் தொடும் வரை வருகிறது. நிற்கும்போது நியூட்ரல் விழ மறுக்கிறது.

கடைசிதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு கால் மணி நேரம் நிறுத்திவிட்டு செல்ஃப் அடித்தால் 'கிர்ர்... டக்' என்று நின்றுவிடுகிறது. திரையில் ஏ.பி.எஸ்., டிராக்‌ஷன் கன்ட்ரோல், இன்ஜின் விளக்கு எல்லாம் திருவிழா மாதிரி எரிகின்றன. சாவியை அணைத்துவிட்டு மறுபடி போட்டால், மூன்றாவது முயற்சியில் எதுவும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. இதுவரை நான்கு தடவை ஆகிவிட்டது.

ஏமாந்துவிட்டேனா?

நால்வர்_அணி

ஏமாறவில்லை, தவறான எண்ணிக்கையில் சிலிண்டர் வாங்கிவிட்டீர்கள். என்னுடையது இன்லைன் ஃபோர், ஒரே வரிசையில் நான்கு சிலிண்டர். 60,000 கி.மீ. ஓடிவிட்டது, ஆயில், செயின், டயர் தவிர எதையும் தொடவில்லை. ஆறாவது கியரில் ஆட்டோ வேகத்தில் போகலாம், ஒரு வெட்டு இருக்காது.

பழைய_கை

நால்வர் அணிக்காரர் எல்லா இடத்திலும் இதையே சொல்வார். அன்பான மனிதர், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, முதல் இரண்டு கவலையையும் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். அவை பழுதில்லை, வண்டியின் குணம்.

வெட்டி இழுப்பதைப் பார்ப்போம். இரண்டே பிஸ்டன்கள், ஒவ்வொன்றும் ஒரு கிண்ணம் அளவு. நான்கு சிலிண்டர் வண்டியில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றுவதற்குள் நான்கு வெடிப்பு. உங்களுக்கு இரண்டுதான், அதுவும் சம இடைவெளியில் கிடையாது. சுற்று குறைவாக இருக்கும்போது ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே செயின் தளர்ந்து மறுபடி விறைக்கும். அந்த உதைதான் உங்கள் இடுப்புக்கு வருகிறது. போதாக்குறைக்கு, புகைக்கட்டுப்பாட்டு விதிகளுக்காக லேசான ஆக்சிலரேட்டரில் பெட்ரோலைக் குறைத்து, காற்றை அதிகமாகக் கலந்து வைத்திருப்பார்கள். மெல்லப் போகும்போதுதான் இன்ஜின் பட்டினியாக இருக்கும்.

வழி: நெரிசலில் ஒரு கியர் குறைவாக ஓட்டுங்கள். ரெயின் மோடு போடுங்கள், அது மழைக்கு மட்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. பின் பிரேக்கை மிக லேசாக மிதித்தபடியே ஆக்சிலரேட்டரைக் கொடுங்கள், செயின் விறைப்பாகவே இருக்கும், உதை பாதியாகிவிடும். செயின் தொய்வையும் பாருங்கள். ஆனால் உதை போக வேண்டுமென்று அளவுக்கு மேல் இறுக்கிவிடாதீர்கள். பின் சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் இன்னும் இறுகும், முன் ஸ்பிராக்கெட் இருக்கும் ஷாஃப்டின் பேரிங் அதை வாங்கிக்கட்டிக்கொள்ளும். அந்தச் செலவு செயின் செலவு மாதிரி இருக்காது.

சூடு: 108 என்பது பயமுறுத்தும் எண்தான், தண்ணீர் நூறில் கொதிக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ரேடியேட்டரில் இருப்பது தண்ணீரும் கிளைக்கால் (glycol) என்ற திரவமும் பாதிப்பாதி. அதுவும் மூடியால் அழுத்தி வைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் கொதிநிலை 120ஐத் தாண்டும். மின்விசிறி நூறைத் தாண்டித்தான் ஓட ஆரம்பிக்கும், வண்டி நகர்ந்ததும் எண் இறங்கும். இறங்குகிறதா என்பதுதான் கேள்வி. நெடுஞ்சாலையில் 80க்குப் பக்கம் நின்றால் நிம்மதியாக இருங்கள். அங்கேயும் நூறுக்கு மேல் என்றால்தான் தெர்மோஸ்டாட், கூலண்ட் அளவு, ரேடியேட்டர் இதழ்களில் பூச்சி, மண் என்று தேட வேண்டும்.

தொடை வேகத்தான் செய்யும். பின் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் குழாய் இருக்கைக்கு அடியில் போகிறது. ஃபேரிங் உள்ள வண்டியில் சூட்டுக்காற்றைத் தள்ளி வெளியே அனுப்ப வழி செய்திருப்பார்கள். இதில் எல்லாமே திறந்த வீடு.

மற்ற இரண்டும் நிஜமான பழுதுகள். கிளட்ச் எனக்குத் தெரியும், இரவு எழுதுகிறேன். மின்சாரத்துக்கு மின்கம்பி அக்காவைக் கூப்பிடுங்கள்.

புதுச்சக்கரம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இப்போது 400 சிசி ஓட்டுகிறேன். நேராக இப்படி ஒன்றுக்குப் போகலாமா? ரெயின் மோடு இருக்கிறதே?

பழைய_கை

ரெயின் மோடு உச்ச சக்தியைக் குறைக்கும், கையின் பதற்றத்தைக் குறைக்காது. நடுவில் 700, 800 சிசியில் இரண்டு வருடம் ஓட்டுங்கள். அந்த வண்டிகளும் கண்ணில் நீர் வரும் அளவுக்குப் போகும்.

மின்கம்பி

கூப்பிட்டாயிற்று, வந்துவிட்டேன்.

இரட்டை இடி சார், எதையும் வாங்காதீர்கள், எதையும் மாற்றாதீர்கள். ஒரு மல்டிமீட்டர் எடுத்துக்கொண்டு மூன்று எண்கள் மட்டும் சொல்லுங்கள்.

வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு பேட்டரியில் எத்தனை வோல்ட்? செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு வரை விழுகிறது? ஸ்டார்ட் ஆன பிறகு ஐயாயிரம் சுற்றில் எவ்வளவு?

திரையில் எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தால் எல்லா உதிரியும் ஒன்றாகக் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. அவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று தடுமாறுகிறது. முக்கால்வாசி நேரம் அது மின்னழுத்தம். பெரிய வி-ட்வினில் ஒவ்வொரு பிஸ்டனையும் அழுத்தத்தை மீறித் தள்ள ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரே மூச்சில் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்தக் கணத்தில் வோல்டேஜ் பத்துக்குக் கீழே போனால் கணினி மயக்கம் போட்டு எழுந்துகொள்ளும். எழுந்ததும் ஏ.பி.எஸ். பதில் சொல்லவில்லை, அது பதில் சொல்லவில்லை, இது பதில் சொல்லவில்லை என்று புகார் எழுதி வைக்கும்.

இரட்டை_இடி

அளந்துவிட்டேன் மேடம். காலையில் 12.7. செல்ஃப் அடிக்கும்போது 10.8. ஐயாயிரத்தில் 14.2.

நால்வர்_அணி

மூன்றும் சரியாக இருக்கிறதே. அப்போது ஈ.சி.யூ.தான், வண்டியின் கணினி. பழைய வண்டியில் ஈ.சி.யூ. பார்த்து வாங்க வேண்டும்.

மின்கம்பி

ஈ.சி.யூ. என்பது கடைசியில் சந்தேகப்பட வேண்டிய ஆள். அதை முதலில் பிடித்துக்கொண்டு போனால் பணம் மட்டும்தான் தீரும்.

சார், இரண்டு கேள்வி. குளிர்ந்த வண்டியில்தானே அளந்தீர்கள்? பழுது சூட்டில் வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காய்ச்சல் இறங்கின பிறகு தெர்மாமீட்டர் வைத்த கதை இது.

இரண்டாவது, முனையை எங்கே வைத்தீர்கள்? பேட்டரியின் ஈயக் கட்டையிலா, அதன் மேல் திருகியிருக்கும் ஒயரின் வளையத்திலா? கட்டையில் வைத்தால் பேட்டரி நலமா என்று மட்டும் தெரியும். அங்கிருந்து வண்டிக்குப் போய்ச் சேருகிறதா என்று தெரியாது.

ஒரு நீண்ட ஓட்டம் போய் வாருங்கள். கால் மணி நேரம் நிறுத்துங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கட்டையிலேயே வையுங்கள், இன்னொரு முனையை இன்ஜின் உடலில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில். இப்போது செல்ஃப் அடியுங்கள். அந்த இரண்டு இடத்துக்கும் நடுவே வோல்டேஜ் இருக்கவே கூடாது. 0.2, 0.3 என்றால் மன்னிக்கலாம். அதற்கு மேல் காட்டினால் திருடன் அந்த வழியில்தான் இருக்கிறான்.

ஓட்டம் முடிந்த கையோடு ரெகுலேட்டரின் (சார்ஜ் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) கப்ளரையும், அதாவது ஒயர் இணைப்பையும், கழற்றிப் பாருங்கள். இந்த வண்டிகளில் பலவற்றில் ரெகுலேட்டர், தேவைக்கு மேல் வரும் மின்சாரத்தை ஷார்ட் செய்து சூடாக்கித்தான் தீர்க்கும். அதனால் கப்ளர் மெல்ல வெந்து பழுப்பாகும். பழுப்பு தெரிந்தால் படம் போடுங்கள். கை சுடும், ஜாக்கிரதை.

பழைய_கை

சொன்னபடி கிளட்ச்.

லீவர் ஹேண்டில் வரை வருவது, நியூட்ரல் விழாதது, இரண்டும் ஒரே கதைதான். கிளட்ச் முழுசாக விடுபடவில்லை. ஹைட்ராலிக் என்பதால் ஒயர் நீண்டுவிட்டது என்ற பேச்சில்லை. எங்கேயோ எண்ணெய் கசிகிறது, அல்லது காற்று புகுந்திருக்கிறது. முன் ஸ்பிராக்கெட் மூடிக்குப் பக்கத்தில் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் (எண்ணெயின் அழுத்தத்தை வாங்கிக் கிளட்ச்சைத் தள்ளும் பாகம்) இருக்கிறதா பாருங்கள். வி-ட்வின்களில் பெரும்பாலும் அங்கேதான். செயின் எறியும் அழுக்கெல்லாம் அதன் மேல்தான் விழும். உள்ளே இருக்கும் ரப்பர் சீல் நாளடைவில் தேய்ந்து கசியும். மூடியைக் கழற்றினால் ஈரம் தெரியும்.

திறப்பதற்கு முன் ஒன்று. மேலே டப்பாவின் மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். சில வண்டிகளில் கிளட்சுக்கும் டாட் 4 பிரேக் ஆயில்தான். சிலவற்றில் மினரல் ஆயில். ஒன்றில் மற்றதை ஊற்றினால் சீல் வீங்கிக் கெடும், நாலு நாள் நன்றாக இருக்கும், அப்புறம் ஆரம்பிக்கும்.

பழுது பார்க்கும் வரை தூரப் பயணம் வேண்டாம். மேட்டில் சிக்னலில் கியரில் மாட்டிக்கொண்டால் வண்டி உங்களை ஓட்டும்.

சத்தமில்லா_டேப்பட்

இத்தனை பதிவில் வால்வு கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய சின்ன இடைவெளி, அது பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே. 24,800 ஓடியிருக்கிறது. முந்தைய உரிமையாளர் செய்திருக்கிறாரா?

பெரிய நேக்கட் வாங்குபவர்கள் எல்லோரும் டேப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்) சத்தம் கேட்டால் பயப்படுகிறார்கள். சத்தம் போடும் டேப்பட் பிழைத்துக்கொள்ளும். எக்ஸாஸ்ட் வால்வு தான் மூடி உட்காரும் வளையத்தில் (வால்வு இருக்கை) மெல்ல மெல்ல உள்வாங்கும். உள்வாங்க உள்வாங்க இடைவெளி குறையும், சத்தமும் குறையும். வண்டி வெண்ணெய் மாதிரி ஓடுகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்போம். ஒரு நாள் வால்வு முழுதாக மூடாது. மூடாத வால்வு சூட்டை இருக்கைக்குக் கடத்தாது, எரிந்துபோகும். அதனால்தான் என் பெயர் இப்படி. அனுபவம்.

நால்வர்_அணி

எனக்கும் அது பார்க்க வேண்டியது பாக்கிதான். 60,000 என்று பெருமையாக எழுதியதை நினைத்தால் இப்போது வயிற்றில் ஏதோ செய்கிறது.

சத்தமில்லா_டேப்பட்

நாளைக்கே போங்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் எத்தனைக்கு ஒருமுறை என்று போட்டிருக்கும், அதைத் தாண்டியே இருப்பீர்கள்.

பழைய_கை

ஒரு வழியாக நால்வர் அணி மௌனம். இந்த இடைவெளியில் ஒரு கிளைக்கதை.

இந்த மாதிரி முரட்டு நேக்கட் வண்டிகளின் கதை சிக்கனத்தில் ஆரம்பித்தது. ஸ்போர்ட்ஸ் பைக்கைக் கீழே போட்டு ஃபேரிங்கை உடைத்தவர்கள், புதிது வாங்கக் காசில்லாமல் அப்படியே உரித்துவிட்டு, உயரமான ஹேண்டில்பாரைப் போட்டு ஓட்டினார்கள். பிற்பாடு கம்பெனிகளும் இறங்கின. டுகாட்டி மான்ஸ்டர் 1993, டிரையம்ப் ஸ்பீட் டிரிப்பிள் 1994. மான்ஸ்டரை வரைந்த மிகேல் கலூட்சி இருந்த பாகங்களை வைத்தே அதைக் கட்டினார். அங்கிருந்து 2020இல் கவாஸாகி இசட் எச்2 வரை வந்துவிட்டோம், 998 சிசியில் சூப்பர்சார்ஜர், 200 குதிரைத்திறன். உடைந்த பிளாஸ்டிக்கில் ஆரம்பித்த கதை!

இந்தப் பெரிய நேக்கட்களின் இன்ஜின்கள் பெரும்பாலும் ஸ்போர்ட்ஸ் பைக்கிலிருந்து இறங்கி வந்தவை. அவற்றின் உள்ளுறுப்பு சட்டென்று சாகாது. சாவதெல்லாம் அதைச் சுற்றி ஒட்டவைத்தவை. சீல், கப்ளர், ஸ்விட்ச், சென்சார். நான் ஓட்டிய மூன்று பெரிய நேக்கட்களிலும் நடுவழியில் நின்றது ஒரே ஒரு முறை. சைடு ஸ்டாண்ட் ஸ்விட்ச்சில் சேறு. ஸ்டாண்ட் கீழே இருப்பதாக வண்டி நினைத்துக்கொண்டது, கியர் போட்டதும் அணைந்தது. ஒரு பாட்டில் தண்ணீரில் தீர்ந்த பிரச்சினைக்கு மூன்று மணி நேரம் பெட்ரோல் பம்ப்பைச் சந்தேகப்பட்டேன்.

இரட்டை_இடி

மேடம், கண்டுபிடித்துவிட்டோம். இந்த வாரம் முழுக்க இதே வேலை.

சூட்டில், நெகட்டிவ் கட்டைக்கும் இன்ஜினுக்கும் நடுவே 1.6 வோல்ட். கண்ணால் பார்த்தேன். அடுத்த முயற்சியில் அதே 'கிர்ர்... டக்', விளக்குகள் எல்லாம் வந்துவிட்டன.

இருக்கையைக் கழற்றினால், பேட்டரியின் ஒரே போல்ட்டில் நான்கு வளையங்கள் அடுக்கியிருக்கின்றன. வண்டியின் சொந்த எர்த் ஒயர் அடியில். அதற்கு மேல் முன்னால் வைத்திருந்தவர் போட்ட அலாரம், சார்ஜர் ஒயர், பனி விளக்கு. அந்த விளக்கு இப்போது வண்டியிலேயே இல்லை, ஒயர் மட்டும் இருக்கிறது. வளையங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. கையால் அசைத்தால் அசைகிறது. அடியில் இருந்த வளையம் ஒரு பக்கம் நீலம் பாய்ந்திருந்தது.

தேவையில்லாததை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, எர்த் ஒயரின் இரண்டு முனையையும் சுரண்டிச் சுத்தம் செய்து முடுக்கினேன். சூட்டில் மறுபடி அளந்தபோது 0.15. அதன் பிறகு 600 கி.மீ., பதினொரு தடவை சூட்டில் ஸ்டார்ட் செய்தேன். ஒரு முறைகூட அடம் பிடிக்கவில்லை. ரெகுலேட்டர் கப்ளர் வெள்ளையாகவே இருக்கிறது.

கிளட்ச்: பழைய கை அண்ணன் சொன்ன இடத்தில் சொன்னபடி ஈரம். சீல் கிட்டும் எண்ணெயும் மாற்றியாயிற்று. மூடியில் மினரல் ஆயில் என்றுதான் எழுதியிருந்தது. உள்ளே இருந்ததை ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பார்த்தோம். கரைந்துவிட்டது. மினரல் ஆயில் என்றால் மிதந்திருக்க வேண்டும். யாரோ பிரேக் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். இப்போது நியூட்ரல் ஒரு விரலில் விழுகிறது.

வால்வுக்கு அடுத்த வாரம் நாள் கேட்டிருக்கிறேன்.

மின்கம்பி

நல்லது. போல்ட்டைக் கையேட்டில் உள்ள முறுக்கு அளவுக்கே முடுக்குங்கள், பேட்டரியின் ஈயம் மென்மையானது. அந்த அலாரம் இன்னும் இருக்கிறது என்றால் அதற்குத் தனி ஃபியூஸ் போட்டு வேறு இடத்திலிருந்து எடுங்கள். 1.6 வோல்ட் என்பது சின்ன எண் மாதிரி தெரியும். பேட்டரி செல்ஃப் அடிக்கும்போது 10.8 கொடுக்கிறது, வழியில் 1.6 போய்விட்டது, கணினிக்கு மிச்சம் 9.2. அது மயங்கியதில் ஆச்சரியமே இல்லை.

நால்வர்_அணி

சரி, ஒப்புக்கொள்கிறேன், ஈ.சி.யூ. இல்லை. வால்வு பார்க்கக் கொடுத்திருக்கிறேன். பதினாறு வால்வில் மூன்று இறுகியிருக்கிறதாம். வண்டி வெண்ணெய் மாதிரிதான் ஓடிக்கொண்டிருந்தது.

சத்தமில்லா_டேப்பட்

:)

புதுச்சக்கரம்

எல்லாம் படித்தேன். 800 சிசி பார்க்கிறேன். பேட்டரி மூடியை முதலில் திறந்து பார்க்கச் சொல்வேன்.

இரட்டை_இடி

பதினைந்து நாளுக்குப் பிறகு எழுதுகிறேன். வால்வு எல்லாம் அளவுக்குள் இருக்கிறது, ஒரே ஒரு எக்ஸாஸ்ட் ஓரத்தில். அடுத்த முறை ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் சின்னத் தகடு) மாற்ற வேண்டியிருக்கும் என்றார்கள்.

நெரிசலில் பின் பிரேக் உத்தி பழகிவிட்டது. முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைத்துப் போட்டேன், இரண்டாவது கியர் இப்போது மனிதர் ஓட்டுகிற மாதிரி இருக்கிறது. வேகம் சக்கர சென்சாரில் எடுப்பதால் மீட்டர் மாறவில்லை. நெடுஞ்சாலையில் சுற்று கொஞ்சம் அதிகம், பெட்ரோலும் கொஞ்சம் அதிகம். தொடை அப்படியே வேகிறது, அதற்கு வழி இல்லை.

ஒன்று மட்டும். உத்திக்காக அடிக்கடி மிதிப்பதாலோ என்னவோ, பின் பிரேக் பெடல் இப்போது மெத்தென்று இறங்குகிறது. இரண்டு தடவை மிதித்தால் விறைக்கிறது.

பழைய_கை

காற்று. எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பக்கத்தில் போகும் பின் பிரேக் பைப்பில் எண்ணெய் சூடாகிக் குமிழ் விடும். முதலில் எண்ணெய் மாற்றிக் காற்றெடுங்கள், காலிப்பரைக் கழற்றி, காற்று மேலே ஏறும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டு. டிஸ்க் இருக்கும் இடத்தில் ஒரு கட்டை வைக்காமல் மிதித்துவிடாதீர்கள்.

மூடியைத் திறக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

இரட்டை_இடி

மூடியைப் படிக்க வேண்டும் அண்ணா. படித்துவிட்டேன். டாட் 4.